அம்மானுக்கு ஏன் அந்தச் சின்ன பம்ப்பை வைக்கவில்லை?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்கிறவர்களுக்கும் தலைகால் புரியவேண்டும். கானாடுகாத்தானில் இருக்கும் உங்கள் அம்மானுக்கு 58 வயது. இரவு 2 மணிக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. வாயுப்பிடிப்பு என்று சோடாவும் ஓமத்தண்ணியும் குடித்துவிட்டு, முகப்புத் திண்ணையில் தூணில் சாய்ந்தபடியே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். காலை 7 மணிக்குத்தான் காரைக்குடியில் ஈசிஜி எடுத்தார்கள், முன்பக்கச் சுவரில் பெரிய அட்டாக். அங்கே கட்டி கரைக்கும் ஊசி போடலாம் என்றதற்கு "வேண்டாம், நேராக மதுரைக்கே போய்விடுகிறோம்" என்று கிளம்பி, 10.30-க்கு ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. நடுவில் பிரஷர் 85-க்கு இறங்கியதால் பலூன் பம்ப் வைத்து, இரண்டு நாளில் எடுத்துவிட்டார்கள். எக்கோவில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 28 சதவீதம். இப்போது அமெரிக்காவில் இருக்கும் அம்மான் மகன் போனில், "அங்கெல்லாம் இதயத்துக்குள்ளேயே இம்பெல்லா என்ற குட்டி பம்ப் வைப்பார்கள், அதை வைத்திருந்தால் தசை செத்திருக்காது, ஏன் வைக்கவில்லை" என்று எல்லோரையும் உலுக்குகிறார். அவர் சொல்வது சரியா என்பது உங்கள் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. 26 வருடம் கேத் லேபில், அதாவது ஆஞ்சியோவும் ஸ்டென்டும் செய்யும் அறையில், டெக்னீஷியனாக இருந்தவன், சொந்த ஊர் தேவகோட்டை. இந்த மெஷின்களை நூற்றுக்கணக்கான முறை மாட்டி, ஓட்டி, கழற்றிப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலும் படித்ததிலும் சொல்கிறேன்: நீங்கள் எழுதியிருக்கும் விவரப்படி அம்மான் இம்பெல்லாவுக்கான ஆளே இல்லை. அவர் தசை போனது மதுரையில் இல்லை, திண்ணையில்தான். கோபப்படாமல் மீதியையும் படியுங்கள்.

நம்ம பக்கம் கண்மாய்ப் பாசனம் தெரியும்தானே. மடையை அடைத்தால் எல்லா வயலும் ஒரே நேரத்தில் காய்வதில்லை, கடைமடை வயல்தான் முதலில் வெடிக்கும். இதயத்திலும் அதேதான். ரத்தக்குழாய்கள் இதயத்தின் வெளிப்பக்கம் ஓடி அங்கிருந்து உள்ளே இறங்குகின்றன, அதனால் அறையை ஒட்டிய உள்அடுக்குத் தசைதான் கடைமடை. மேலே குழாய் அடைத்தவுடன் அந்த உள்அடுக்கு முதலில் சாகிறது. அங்கிருந்து சாவு அலை போல வெளிப்பக்கம் நோக்கி நகர்கிறது. 1977-ல் ரீமர், ஜென்னிங்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நாய்களின் ரத்தக்குழாயைக் கட்டி, 40 நிமிடம், 3 மணி, 6 மணி என்று வெவ்வேறு நேரத்தில் அவிழ்த்துப் பார்த்து இதைக் காட்டினார்கள். 40 நிமிடத்தில் அவிழ்த்தால் உள்அடுக்கு மட்டும்தான் போயிருந்தது. 6 மணி நேரத்துக்கு அப்புறம் காப்பாற்ற ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை. மனிதருக்கு இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், பக்கவாட்டுக் குழாய்கள் நன்றாக வளர்ந்திருந்தால் கொஞ்சம் நேரம் கூடக் கிடைக்கும். ஆனால் திசை அதுதான். அம்மானுக்கு 2 மணிக்கு ஆரம்பித்து 10.30-க்குத் திறந்தது, எட்டரை மணி நேரம்.

சரி, இதில் மெஷினுக்கு என்ன வேலை? தசை சாவது வரவுக்கும் செலவுக்கும் இடையில் விழும் பற்றாக்குறையினால். வரவு என்பது வந்து சேரும் ரத்தம், செலவு என்பது தசை செய்யும் வேலை. இதயத் தசை சும்மா இருக்கும்போதே, வரும் ரத்தத்திலிருந்து 70 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் தேவை கூடினால் இன்னும் கொஞ்சம் உறிஞ்சிச் சமாளிக்க வழியே கிடையாது, ரத்தம் அதிகம் வந்தாகவேண்டும். ஸ்டென்ட் வரவைத் திறந்துவிடுகிறது. மெஷின் செலவைக் குறைக்கப் பார்க்கிறது, இதயத்தின் பாரத்தைத் தான் வாங்கிக்கொண்டு அந்தத் தசையைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுகிறது. யோசனை அழகாகத்தான் இருக்கிறது. யோசனை அழகாக இருப்பதால் மட்டும் ஆள் பிழைத்துவிடுவதில்லை என்பதற்கு இந்தத் துறையில் நிறைய உதாரணம் உண்டு, அதில் முதல் உதாரணமே பலூன் பம்ப்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஐசியூ வாசலில் பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது. "பலூன் வச்சாச்சு" என்று சொந்தக்காரர்கள் சொன்னால் அது இரண்டில் ஒன்றாக இருக்கும். அடைப்பை விரிக்க ரத்தக்குழாய்க்குள் ஊதி உடனே எடுத்துவிடும் கடுகளவு பலூன் ஒன்று. பலூன் பம்ப் வேறு. அது தொடை வழியாக ஏறி, நெஞ்சில் இறங்கும் பெரிய மகாதமனிக்குள் கிடக்கும் நீளமான பை. இதயம் விரியும் நேரத்தில் அது உப்பும், சுருங்கப் போகிற நேரத்தில் சட்டென்று சுருங்கும். இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்களில், அதிலும் இடப்பக்கத்தில், ரத்தம் பெரும்பாலும் இதயம் விரியும்போதுதான் ஓடுகிறது, அந்த நேரத்தில் பை உப்பினால் ரத்தம் பின்னால் தள்ளப்பட்டுக் குழாய்களுக்குள் போகும். சுருங்கும்போது எதிர்ப்பு குறைவதால் இதயம் லேசாகத் தள்ளிவிடும். உள்ளே அடிக்கும் வாயு ஹீலியம். எடை குறைவு, மெல்லிய குழாயில் மின்னல் மாதிரி போய்வரும். 1967-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் முதன்முதலில் மனிதருக்கு இதை வைத்தார், ஷாக்கில், அதாவது இதயம் சரியாகத் தள்ளாமல் பிரஷர் விழுந்து உடம்புக்கு ரத்தம் போதாத நிலையில், கிடந்த அந்தப் பெண் பிழைத்து வீட்டுக்கும் போனார். அதற்கப்புறம் உலகம் முழுக்கப் பலூன் பம்ப்தான்.

நாங்களும் அப்படித்தான் வைத்தோம். பிரஷர் இறங்கினால் பலூன், வேறு யோசனையே கிடையாது. 2012-ல் ஜெர்மனியில் 600 பேரை வைத்துச் செய்த சோதனை வெளிவந்தது. அத்தனை பேரும் அட்டாக் வந்து ஷாக்கில் விழுந்தவர்கள், பாதிப்பேருக்குப் பலூன் வைத்தார்கள், பாதிப்பேருக்கு இல்லை. 30 நாளில் இறந்தவர்கள் பலூன் வைத்த பக்கம் 39.7 சதவீதம், வைக்காத பக்கம் 41.3. அதாவது ஒன்றுமில்லை. ஷாக் இல்லாத, முன்சுவர் அட்டாக் வந்தவர்களுக்கு ஸ்டென்டுக்கு முன்னாலேயே பலூன் வைத்தால் செத்த தசையின் அளவு குறையுமா என்று அதற்கு முந்தின வருடமே 337 பேரிடம் பார்த்திருந்தார்கள். வைத்தவர்களிடம் 42.1 சதவீதம், வைக்காதவர்களிடம் 37.5. குறையவில்லை. அம்மான் கேஸுக்கு நேரடியாகப் பொருந்தும் சோதனை இதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். காரணம் கணக்கில் இருக்கிறது. நல்ல இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் தள்ளும், பலூன் கூட்டிக் கொடுப்பது அரை லிட்டர் அளவுக்குத்தான். அதுவும் இதயம் ஓரளவு தானே அடித்தால்தான்.

இனி இம்பெல்லா. இதன் பூர்வ கதை எனக்குப் பிடித்த கதை. ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற அமெரிக்க டாக்டர் 1976-ல் தொண்டு வேலையாக எகிப்துக்குப் போயிருக்கிறார். அங்கே விவசாயிகள் திருகு போன்ற ஒரு குழாயைக் கையால் சுற்றிச் சுற்றி, தண்ணீரைக் கரைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆர்க்கிமிடீஸ் திருகு என்பார்கள். நம்ம ஊரில் கமலையும் ஏற்றமும் செய்த வேலையை அங்கே அது செய்கிறது. அதைப் பார்த்தவருக்கு, இப்படி ஒரு திருகை ரத்தக்குழாய்க்குள் சுற்றவிட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1988-ல் ஹீமோபம்ப் என்ற பெயரில் மனிதருக்கு வைத்தார்கள். கமலை இறைப்பதைப் பார்த்தபடி நம்ம ஊரில் எத்தனை பேர் நின்றிருப்போம், நமக்கு இது தோன்றவில்லையே என்று எனக்கு ஒரு ஆதங்கம், அதை விடுங்கள். அந்த வழியில் வந்த அடுத்த தலைமுறைதான் ஜெர்மனியின் ஆஹன் நகரில் உருவான இம்பெல்லா.

தொடை ரத்தக்குழாய் வழியாக ஏற்றி, மகாதமனி வால்வைத் தாண்டி, நுனியை இடது கீழறைக்குள் வைப்போம். உள்ளே இருக்கும் குட்டி விசிறி நிமிடத்துக்கு 46,000 சுற்று வரை சுற்றும். அறைக்குள்ளிருந்து ரத்தத்தை உறிஞ்சி, வால்வுக்கு மேலே மகாதமனியில் விடும். இப்போது அதிகம் புழங்கும் அளவில் நிமிடத்துக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் தள்ளும். இதயம் சோர்ந்து கிடந்தாலும் ஓட்டம் நிற்காது. பலூன், மாட்டுக்குத் தார்க்குச்சி மாதிரி. இது, மாட்டை அவிழ்த்துவிட்டு மோட்டார் போட்ட மாதிரி. அறை காலியாகிறது, சுவரின் விறைப்பு குறைகிறது, உள்அடுக்குத் தசைக்கு, அதாவது அந்தக் கடைமடைக்கு, ரத்தம் இறங்க வழி கிடைக்கிறது.

பலனும் நிரூபணமாகியிருக்கிறது, ஆனால் யாருக்கு என்பதைக் கவனியுங்கள். டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் மூன்று நாட்டிலும் சேர்த்துப் பத்து வருடம் ஆள் சேர்த்து, 2024-ல் ஒரு சோதனை வெளியானது. டேஞ்சர் ஷாக் என்று பெயர். மொத்தம் 355 பேர். பெரிய அட்டாக், அதோடு ஷாக். பிரஷர் 100-க்குக் கீழ் அல்லது மருந்து ஓட்டித்தான் பிரஷர் நிற்கிறது, பம்பிங் 45-க்குக் கீழ், ரத்தத்தில் லாக்டேட் ஏறியிருக்கிறது, அதாவது உடம்புக்கே ரத்தம் போதவில்லை. இதயம் நின்று, மூச்சுக்குழாய் போட்டும் நினைவு திரும்பாமல் கிடந்தவர்களைச் சேர்க்கவில்லை. ஆறு மாதத்தில் வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் 58.5 சதவீதம் பேர் இறந்தார்கள், இம்பெல்லா வைத்தவர்களில் 45.8. எட்டுப் பேருக்கு வைத்தால் ஒரு உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது. ஷாக்கில் இப்படி ஒரு கணக்கு வந்ததே பெரிய விஷயம், நான் அந்தக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அமெரிக்காவில் 2025-ல் வந்த வழிகாட்டுதலிலும் இப்படிப்பட்ட கடுமையான ஷாக்குக்குத் தேர்ந்தெடுத்து வைக்கலாம் என்று போட்டுவிட்டார்கள். அம்மான் மகன் இதைத்தான் எங்கோ பார்த்திருப்பார்.

அதே கட்டுரையின் மறுபக்கத்தையும் அவர் பார்த்திருக்கவேண்டும். பெரிய ரத்தக்கசிவு, கால் ரத்த ஓட்டம் நிற்பது, ரத்த அணுக்கள் உடைவது என்று சிக்கல்களைச் சேர்த்து எண்ணினால், மெஷின் பக்கம் 24 சதவீதம், மற்ற பக்கம் 6.2. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் 41.9-க்கு எதிராக 26.7. பம்ப் பகுதி ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். சர்க்கரை இருந்து, பீடி சிகரெட் பழகி, தொடைக் குழாய் ஏற்கெனவே சுண்ணாம்பு படிந்து குறுகின ஆளுக்கு அதை ஏற்றினால் காலுக்கு ரத்தம் போக இடமே இருக்காது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒருவருக்கு இதயம் நன்றாகத் தேறிக்கொண்டு வந்தது, எல்லோரும் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம், இரவு டியூட்டியில் போர்வையை விலக்கிப் பாதத்தைப் பார்க்கவேண்டிய ஆள் பார்க்கவில்லை. விடிகாலையில் பார்த்தபோது கால் கருத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாகிவிட்டது. அதற்கப்புறம் எந்த மெஷின் வைத்தாலும் மணிக்கொரு தடவை இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மெஷினை வைப்பது அரை மணி வேலை, அதற்கப்புறம் மூன்று நான்கு நாள் அதைக் காவல் காக்கும் ஆட்கள் வேண்டும். அந்தக் காவல் இல்லாத இடத்தில் இம்பெல்லா இருப்பதை விட இல்லாமலிருப்பதே மேல் என்பது என் கருத்து.

"ஷாக்கே இல்லாத ஆளுக்கும், ஸ்டென்டுக்கு முன்னாலேயே பாரத்தை இறக்கிவிட்டால் தசை மிச்சமாகுமே" என்று அவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். விலங்குகளில் அப்படிச் செய்தபோது செத்த தசையின் அளவு உண்மையாகவே குறைந்தது. அடைத்த குழாயைத் திறந்தவுடன் திடீரென்று பாயும் ரத்தமே தசைக்கு இரண்டாவது அடி கொடுக்கும், அறையை முன்கூட்டிக் காலி செய்தால் அந்த அடி குறையும் என்பது விளக்கம். நவீன் கபூர் என்ற பாஸ்டன் டாக்டரின் குழு மனிதரில் இதைத் தொடங்கியது. முன்சுவர் அட்டாக், ஷாக் இல்லை, இம்பெல்லா வைத்து ஓடவிட்டு, குழாயைத் திறக்காமல் வேண்டுமென்றே 30 நிமிடம் காத்திருப்பது! கேத் லேபில் ஒரு நிமிடம் தாமதமானால் திட்டு வாங்கிய எங்களுக்கு இதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. 2018-ல் வந்த அந்த முதல் சோதனையில் 50 பேர்தான். காத்திருந்ததால் கெடுதல் வரவில்லை என்று தெரிந்தது. ஆனால் 30 நாள் கழித்து ஸ்கேனில் பார்த்தபோது, காத்திருந்தவர்களுக்கும் உடனே திறந்தவர்களுக்கும் தழும்பின் அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதைக் காட்டி ஒரு ஆஸ்பத்திரியில் போய் ஏன் வைக்கவில்லை என்று கேட்கமுடியாது.

எக்மோவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த மெஷின் அதுதான். 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்கு இதயத் துடிப்பு நின்றபோது வைத்ததும், 2020-ல் எஸ்.பி.பி.க்குக் கொரோனாவில் நுரையீரலுக்காக வைத்ததும் அதுதான். உடம்புக்கு வெளியே ரத்தத்தை எடுத்து ஆக்ஸிஜன் கலந்து திருப்பி அனுப்பும். உடம்பு பிழைக்கும். ஆனால் தொடை வழியாக மேல் நோக்கித் தள்ளும் அந்த ரத்தத்தை எதிர்த்துத்தான் இடது அறை திறக்கவேண்டும், ஆக சோர்ந்த இதயத்துக்குப் பாரம் குறையாது, கூடும். அட்டாக் ஷாக்கில் எல்லோருக்கும் எடுத்தவுடன் எக்மோ வைத்தால் என்ன ஆகும் என்று 2023-ல் 420 பேரிடம் பார்த்ததில், 30 நாள் இறப்பு வைத்த பக்கம் 47.8 சதவீதம், வழக்கமான வைத்தியப் பக்கம் 49.0. தசையைக் காப்பாற்ற எக்மோ என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். துடிப்பே நின்றவர்களுக்கு அதன் இடம் வேறு.

இனி அம்மானுக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் பிரஷர் 85-க்கு இறங்கியது ஸ்டென்ட் வைக்கும்போது கொஞ்ச நேரம்தான். சாயங்காலமே 110, மூத்திரம் நன்றாகப் போயிருக்கிறது, பேசியிருக்கிறார், லாக்டேட் ஏறவில்லை. அது டேஞ்சர் ஷாக் சோதனையின் ஆள் இல்லை. அவருக்கு இம்பெல்லா வைத்திருந்தால் தொடையில் பெரிய ஓட்டையும், கசிவு அபாயமும், பல லட்ச ரூபாய் பில்லும்தான் நிச்சயமாகக் கிடைத்திருக்கும். அப்படியானால் பலூன் மட்டும் எதற்கு என்று கேட்பீர்கள். வழிகாட்டுதல்களின்படி வழக்கமாக வைக்கத் தேவையில்லை, உண்மைதான். ஆனாலும் பிரஷர் தடுமாறும் ஆளைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க எந்த டாக்டருக்கும் கை வராது, பலூன் மெலிசு, மலிவு, எல்லா ஐசியூவிலும் ஓட்டத் தெரியும். நான் குறை சொல்லமாட்டேன். பெரிய பலன் இல்லை, சிக்கலில்லாமல் எடுத்துவிட்டார்கள், அதோடு விடுங்கள்.

28 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்தும் இப்போதே இடிந்துபோகவேண்டாம். ரத்தம் இல்லாமல் தவித்த தசையில் ஒரு பகுதி செத்திருக்கும், ஒரு பகுதி மயங்கிக் கிடக்கும். மயங்கினது சில வாரங்களில் எழுந்துகொள்ளும். அதனால்தான் 40 நாளுக்கு அப்புறம் திரும்ப எக்கோ எடுக்கச் சொல்வார்கள். அதிலும் 35-க்குக் கீழேயே நின்றால், திடீர்த் துடிப்புக் கோளாறுக்காக ஐசிடி என்ற கருவி பற்றிப் பேசுவார்கள். அதுவரை மாத்திரைதான் அவருடைய மெஷின். பீட்டா பிளாக்கர், பிரஷரையும் பாரத்தையும் குறைக்கும் மாத்திரை, ஸ்பைரனோலாக்டோன் வகை, சர்க்கரைக்கு வந்து இப்போது இதயத்துக்கும் கொடுக்கப்படும் கிளிஃப்ளோசின் வகை. செட்டிநாட்டுச் சாப்பாட்டில் உப்பை எப்படிக் குறைப்பது என்று ஆச்சி கேட்பார்கள். ஊறுகாயையும் வற்றலையும் முதலில் நிறுத்துங்கள், குழம்பை அப்புறம் பார்க்கலாம்.

எனக்கு உறுத்துவது 7 மணிக்கு நடந்ததுதான். வேண்டாம் என்று சொன்னீர்களே, அந்த ஊசி. கானாடுகாத்தானிலிருந்து மதுரை 100 கிலோமீட்டர் பக்கம், திருச்சி அதைவிடக் கொஞ்சம்தான் கிட்டே. ஈசிஜியில் அட்டாக் என்று தெரிந்த நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் குழாயைத் திறக்கமுடியாது என்றால், தடை எதுவும் இல்லாத ஆளுக்கு அங்கேயே ஊசியைப் போட்டு அப்புறம் கிளப்புவதுதான் முறை. உங்களுக்கு மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது. ஊசி என்றால் மட்டமான வைத்தியம், ஸ்டென்ட் என்றால் பெரிய வைத்தியம் என்று நம்ம பக்கம் ஒரு நினைப்பு. தமிழ்நாட்டில் சின்ன ஆஸ்பத்திரிகளையும் கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் கோத்து, ஊசி போட்டு அனுப்பி, அடுத்த நாளுக்குள் ஆஞ்சியோ செய்யும் முறையை 2,420 பேரிடம் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். ஒரு வருட இறப்பு 17.6-லிருந்து 14.2 சதவீதமாக இறங்கியிருந்தது. புது மெஷின் எதுவும் வாங்காமல். 2023 ஜூனிலிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரை வைத்திருக்கிறார்கள். இரவு 2 மணிக்கு 108-ஐக் கூப்பிட்டிருந்தால் எட்டரை மணி நேரம் ஆகியிருக்காது.

எட்டுக்கட்டு வீட்டில் இரண்டு வயதானவர்கள், பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். வலி வந்தால் யாரை எழுப்புவது என்பதே அங்கே ஒரு யோசனை. உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை இது, நான் பார்த்த முன்சுவர் அட்டாக்கில் எத்தனையோ பேர் இப்படித் திண்ணையிலிருந்து வந்தவர்கள்தான். அம்மான் மகனிடம் சொல்லுங்கள், அவர் பணம் அனுப்ப நினைத்தால் கூப்பிட்ட குரலுக்கு வர ஒரு ஆளை இரவில் வீட்டில் படுக்கவைக்கட்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். காரைக்குடியில் 7 மணிக்கு எடுத்த ஈசிஜி தாள், அது சூட்டில் அச்சாகும் தாள், கொஞ்ச நாளில் வெளிறிப்போகும், வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். அடுத்த எக்கோவுக்குப் போகும்போது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.